டேவி ஃபிட்ஸ்ஜெரால்ட்: கெட்டிக்கார மேனேஜரா, முதல் வருஷ ஜுரமா?

திண்ணைக்காரன்:
அயர்லாந்தின் மட்டைப்பந்து ஆட்டமான ஹர்லிங்கில், 2025-ல் ஆன்ட்ரிம் கவுன்ட்டி அணி லென்ஸ்டர் (கிழக்கு மாகாணம்) சாம்பியன்ஷிப்பிலிருந்து கீழே இறங்கியது. மேனேஜர் நம்ம டேவி ஃபிட்ஸ்ஜெரால்ட். ஹர்லிங் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இவரை மேதை என்கிறார்கள், எனக்கு என்னவோ ஆரம்பத்திலிருந்தே அது ஒட்டவில்லை. கோல்கீப்பராக அவர் பெரிய ஆள், அதில் சண்டை இல்லை. மேனேஜராக ஒரே ஒரு ஆல்-அயர்லாந்து (நாட்டின் பெரிய கோப்பை), 2013-ல் கிளேர் அணியோடு. அதையும் யார் வளர்த்த பையன்களை வைத்து ஜெயித்தார் என்று பார்க்க வேண்டும். கில்கென்னியின் பிரையன் கோடியும் ஆடிவிட்டு மேனேஜர் ஆனவர்தான், 11 கோப்பை. பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாது.

எனிஸ்வாசி:
ஆரம்பிச்சிட்டீங்களா அண்ணே. கோடியைக் கொண்டு வந்து வைத்தால் உலகத்தில் யாருமே மேனேஜர் இல்லை. கோடியின் கையில் இருந்தது கில்கென்னி. டேவிக்குக் கிடைத்த ஊர்களைப் பாருங்கள்: வாட்டர்ஃபோர்ட், கிளேர், வெக்ஸ்ஃபோர்ட், ஆன்ட்ரிம். இந்த ஆட்டத்தில் ஏலம் கிடையாது, சம்பளம் கிடையாது, பிறந்து வளர்ந்த கவுன்ட்டிக்குத்தான் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஆடுவான். மேனேஜர் கையில் இருக்கிற சரக்கை வைத்துத்தான் கடை நடத்தணும்.

நான் ஆறு வருஷமாகக் கிளேர் பக்கம் இருக்கிறேன். எதிர்வீட்டுப் பையன் சைக்கிளில் போகும்போதும் ஹர்லி மட்டையை ஹேண்டில்பாரில் குறுக்கே வைத்துக்கொண்டுதான் போவான், மழை பெய்தாலும் சாயங்காலம் சுவரில் பந்து அடிக்கிற சத்தம் நிற்காது. இப்படிப்பட்ட ஊர் 1914-க்கு அப்புறம் 81 வருஷம் ஆல்-அயர்லாந்து ஜெயிக்காமல் காத்திருந்தது என்றால் யோசித்துப் பாருங்கள். 1995-ல் அதை முடித்த அணியின் கோல்கீப்பர் டேவி. 1997-லும் அவர்தான். அந்தக் கடைசி நிமிடத்தில் டிப்பரேரியின் ஜான் லேஹி அடித்ததை அவர் தடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் கோப்பை போயே போச்சு, ஏனென்றால் ஒரே ஒரு பாயின்ட்தான் வித்தியாசம்.

திண்ணைக்காரன்:
தம்பி, ஆடின கதையை யார் கேட்டது? பேச்சு மேனேஜரைப் பற்றி.

எனிஸ்வாசி:
இரண்டும் ஒன்றுதான் என்கிறேன். 1995 மன்ஸ்டர் (தெற்கு மாகாணம்) இறுதி ஆட்டத்தைப் பாருங்கள், தர்லஸ் ஊரில், லிமெரிக்குக்கு எதிராக. இடைவேளைக்குச் சற்று முன்பு கிளேருக்குப் பெனால்டி. அப்போதைய விதிப்படி கோல் கோட்டில் மூன்று பேர் நிற்பார்கள். டேவி தன் கோலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மைதானம் முழுக்க ஓடி வந்து, பந்தை மட்டையால் தூக்கி, ஒரே அடி. உள்ளே. அதற்கப்புறம் கொண்டாடிக்கொண்டு நிற்கவில்லை, தலைதெறிக்கத் திரும்பி ஓடினார், தன் கோலுக்கு. ஜெயிச்சது 1-17க்கு 0-11. 1932-க்கு அப்புறம் முதல் மன்ஸ்டர் பட்டம். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: கோடுக்கு முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது பாயின்ட், ஒரு கோல் என்றால் மூன்று பாயின்ட்.) அந்த ஓட்டம்தான் மனுஷனின் குணம். மேனேஜர் ஆனபோதும் அதேதான்.

கணக்குப்பிள்ளை:
குணம் சரி, அதே குணம்தான் 2017-ல் வெக்ஸ்ஃபோர்ட் மேனேஜராக இருந்தவரை, கில்கென்னி நோலன் பார்க்கில் லீக் (சாம்பியன்ஷிப்புக்கு முன்னால் நடக்கும் தனிப் போட்டி) அரையிறுதி நடக்கும்போதே மைதானத்துக்குள் ஓடவைத்து, எதிரணி வீரர்களோடு தள்ளுமுள்ளு ஆகி, எட்டு வாரத் தடை வாங்கிக் கொடுத்தது. கோல்கீப்பர் ஓடினால் அழகு. கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியவர் ஓடினால் அசிங்கம்.

எனிஸ்வாசி:
ஒத்துக்கொள்கிறேன், அது தப்பு. ஆனால் அந்தத் தடையில் இருக்கும்போதுதான் வெக்ஸ்ஃபோர்ட் தன் சொந்த மைதானத்தில் கில்கென்னியை லென்ஸ்டர் அரையிறுதியில் தோற்கடித்தது. அவர் மேலே ஒரு அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டோரம் நின்று கத்தினால்தான் அணி ஆடும் என்றால் அன்று எப்படி ஆடியது?

திண்ணைக்காரன்:
நீயே எனக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறாய், நன்றி.

சரி, வரிசையாக வருகிறேன். 2008, வாட்டர்ஃபோர்ட். வீரர்களுக்கும் பழைய மேனேஜருக்கும் ஒத்துவராமல் சீசன் நடுவில் டேவி வந்தார், இறுதி ஆட்டம் வரை போனார், 1963-க்கு அப்புறம் அவர்களுக்கு அதுதான் முதல் இறுதி, பாராட்டலாம். இறுதியில் என்ன ஆச்சு? கில்கென்னி 3-30, வாட்டர்ஃபோர்ட் 1-13. 23 பாயின்ட் வித்தியாசம். கிளேரில் 2012-ல் வந்தார், 2013-ல் கோப்பை. அடுத்த இரண்டு வருஷம்? 2014-ல் வெக்ஸ்ஃபோர்டிடம் மறு ஆட்டத்தில் வெளியே, 2015-ல் கார்க்கிடம் வெளியே. 2016-ல் லீக் ஜெயித்தார், கோடைக்காலத்தில் கால்வேயிடம் முடிந்தது, கிளம்பிவிட்டார். வாட்டர்ஃபோர்டுக்குத் திரும்பி வந்து 2023, 2024 இரண்டு வருஷமும் மன்ஸ்டர் முதல் மூன்றுக்குள்கூட வரவில்லை. 2020-ல் ஆல்-அயர்லாந்து இறுதி ஆடிய, 2022-ல் லீக் ஜெயித்த அணி அது! இதைத்தான் ஜுரம் என்கிறேன். ஏறும்போது சர்ரென்று ஏறும், இறங்கினால் ஆளைக் கிடத்திவிடும்.

கணக்குப்பிள்ளை:
2013-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். கிளேரின் 21 வயதுக்கு உட்பட்ட அணி 2009-ல் ஜெயித்தது, அப்புறம் 2012, 2013, 2014 வரிசையாக மூன்று. அந்த மூன்றிலும் பயிற்சி கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். டோனி கெல்லி மாதிரி ஒரு பையன் கையில் கிடைத்தால்... அந்த வருஷம் மொத்த நாட்டுக்கும் சிறந்த வீரர் அவன்தான், சிறந்த இளம் வீரரும் அவன்தான். முதல் இறுதி ஆட்டம் டிரா ஆனதும் அதிர்ஷ்டம். நேரம் முடிந்த பிறகு கார்க் ஒரு பாயின்ட் முன்னால் இருக்கிறது, சமன் செய்தது யார்? டோனல் ஓ'டோனவன். தற்காப்பு ஆள், அதற்கு முன் சாம்பியன்ஷிப்பில் ஒரு பாயின்ட்கூட அடித்ததில்லை.

எனிஸ்வாசி:
அதிர்ஷ்டம் டிராவோடு முடிந்தது. மறு ஆட்டத்துக்கு வாருங்கள். 19 வயசு ஷேன் ஓ'டானல். முதல் ஆட்டத்தில் தொடக்க அணியில் இல்லை. ஆட்டத்தன்று கடைசி நேரத்தில்தான் நீ ஆடுகிறாய் என்று பையனிடம் சொன்னார்கள், முன்னாடியே சொன்னால் ராத்திரி தூங்க மாட்டான் என்று. முதல் 20 நிமிடத்துக்குள் மூன்று கோல். மொத்தம் 3-3. இது யார் எடுத்த முடிவு? 21 வயது அணியின் பயிற்சியாளர்கள் எடுத்ததா?

இன்னொன்று. டேவி என்றால் எல்லாரும் ஸ்வீப்பர், ஸ்வீப்பர் என்று மூக்கைச் சுளிப்பார்கள், அதாவது முன்வரிசையில் ஒருத்தரைக் குறைத்துத் தற்காப்புக்கு முன்னால் சும்மா நிறுத்துவது. காலிறுதியிலும் அரையிறுதியிலும் பேட் டொனலனை அப்படித்தான் நிறுத்தினார். மறு ஆட்டத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஆளுக்கு ஆள் என்று இறக்கினார். 5-16க்கு 3-16. பிடிவாதக்காரன் செய்கிற காரியமா இது?

திண்ணைக்காரன்:
ஓ'டானல் கணக்கை உனக்கே எழுதிக்கொள், அது பெரிய முடிவுதான். ஆனால் அதே ஓ'டானலும் அதே கெல்லியும் அடுத்த ஆல்-அயர்லாந்து எப்போது ஜெயித்தார்கள்? 2024-ல். 11 வருஷம் கழித்து. கெல்லி கேப்டன், ஓ'டானல் அந்த வருஷத்தின் சிறந்த வீரர். மேனேஜர் யார்? பிரையன் லோஹன். 1995-லும் 1997-லும் டேவிக்கு நேர் முன்னால் ஃபுல்-பேக் நின்றவர். அவரும் அந்தக் கிளேர் அணியின் மேனேஜர் ஜெர் லாக்னனிடம் அடி வாங்கி வளர்ந்தவர்தான், ஆனால் 2022, 2023 என்று மன்ஸ்டர் இறுதியில் தோற்று, அரையிறுதியில் தோற்று, பொறுமையாக ஒரே அணியைக் கட்டினார். அதற்கு முன்னால் 2020, 2021 இரண்டு வருஷமும் டேவியின் வெக்ஸ்ஃபோர்டை வெளியே அனுப்பியதே லோஹனின் கிளேர்தான். சமையல் தெரிந்தவர் லோஹன். டேவி அடுப்பைப் பற்ற வைக்கத் தெரிந்தவர்.

எனிஸ்வாசி:
அடுப்பே இல்லாத வீட்டில் பற்ற வைப்பது சாதாரண விஷயமா? வெக்ஸ்ஃபோர்ட் 2004-க்கு அப்புறம் லென்ஸ்டர் பட்டம் பார்க்கவில்லை. 2019-ல் கொண்டு வந்தார். அரையிறுதியில் டிப்பரேரியை ஐந்து பாயின்ட் முந்தி இருந்து, அவர்களில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி 14 பேராக ஆடியும், இரண்டு பாயின்ட்டில் விட்டார்கள் என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் வலிக்கிறது, நான் வெக்ஸ்ஃபோர்ட்காரன்கூட இல்லை.

கணக்குப்பிள்ளை:
நான் சொல்ல வந்ததே அதுதான், முந்திக்கொண்டாய். சரி, நானும் ஒன்று சொல்கிறேன், இது எனக்கே பிடிக்காத பக்கம். 2019 லென்ஸ்டர் இறுதி ஸ்கோர் 1-23க்கு 0-23. அந்த ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம். பெனால்டி. அடித்தவர் மார்க் ஃபேனிங்.

எனிஸ்வாசி:
யார் அந்த ஃபேனிங் என்பதையும் சொல்லுங்கள் அண்ணே.

கணக்குப்பிள்ளை:
வெக்ஸ்ஃபோர்டின் கோல்கீப்பர்.

திண்ணைக்காரன்:
ம். திரும்பி ஓடினாரா?