மானியம் வந்த பிறகும் தொழில் ஏன் தடுமாறுகிறது? சிறுதொழில் உதவித் திட்டங்கள்: அனுபவப் பகிர்வு

தொழில்மைய நண்பர்:
திட்டங்களின் பெயர்ப்பட்டியல் எங்கும் கிடைக்கிறது. விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது, எதனால் நிற்கிறது என்பதுதான் கிடைப்பதில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். தாள், தொகை, நாள் கணக்கு போதும்.

பிஎம்இஜிபியில் (புதிய சிறுதொழிலுக்கு வங்கிக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம்) தொடங்குகிறேன். 2008 முதல் இருக்கும் திட்டம். உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்டச் செலவு காட்டலாம். பொதுப் பிரிவினர் 10 சதவீதம் சொந்தப் பணம் போட வேண்டும். மானியம் நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குச் சொந்தப் பணம் 5 சதவீதம்தான். மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இவைதான். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்த்திருப்பார்கள், அது கூடாது. கிராமப்புற மானியம் கேட்டிருப்பார்கள், ஆனால் அந்த இடம் கிராமப் பகுதி என்பதற்கான சான்று இருக்காது. இயந்திரக் கொட்டேஷனில் விற்பவரின் ஜிஎஸ்டி எண் இருக்காது. எல்லாவற்றையும் விடப் பெரியது, தொழில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது. புதிய தொழிலுக்கு மட்டுமே இந்தத் திட்டம் என்பதால் பழைய பில்லோ, அந்தப் பெயரில் முன்பே வாங்கிய ஜிஎஸ்டி பதிவோ கண்ணில் பட்டால் முடிந்தது. கடன் அனுமதிக்கு முன்னால் முன்பணம் கொடுத்து இயந்திரத்தை இறக்கிவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற வங்கியர்:
நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மானியம் கையில் வரும் பணம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். வராது. 20 லட்சம் ரூபாய்த் திட்டம், கிராமத்துப் பெண் தொழில்முனைவோர் என்று எடுத்துக்கொள்வோம். அவர் பணம் 1 லட்சம், வங்கிக் கடன் 19 லட்சம். மானியம் 7 லட்சம் வங்கிக்கு வந்து, கடன்தாரர் பெயரில் மூன்று வருட டெபாசிட்டாகக் கிடக்கும். அந்த 7 லட்சத்துக்கு வட்டி தர மாட்டார்கள். கடனில் அதற்கு இணையான 7 லட்சத்துக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். ஆகவே வட்டி ஓடுவது 12 லட்சத்துக்கு. மூன்று வருடம் கழித்து நேரில் பார்த்து, தொழில் நடக்கிறது என்று உறுதியான பிறகே அந்தத் தொகை கடனில் கழியும்.

இதனால் மாதத் தவணையைக் கணக்கிடும்போது வங்கிக் கிளை டெபாசிட்டுக்கு இணையான கடனைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறதா என்று முதல் மாத ஸ்டேட்மென்ட்டிலேயே பாருங்கள். முழு 19 லட்சத்துக்கும் வட்டி ஏறியிருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள். ஒரு வருடம் விட்டுவிட்டால் திருத்துவது கடினம்.

இன்னொன்று, ப்ராஜெக்ட் ரிப்போர்ட். கடையில் வாங்கும் நகல் அறிக்கையை மேலாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர் தேடுவது மூன்று விஷயங்கள்: மாதத்தில் எத்தனை நாள் இயந்திரம் ஓடும், யார் வாங்குவார்கள், விற்ற பணம் எத்தனை நாளில் திரும்பும். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான அறிக்கைகளில் பதிலே இருக்காது. முதல் மாதத்திலிருந்து நூறு சதவீத உற்பத்தி என்று எழுதுவதைவிட முதல் வருடம் 60, அடுத்து 70 என்று எழுதி அதிலும் தவணை கட்ட முடிகிறது என்று காட்டினால் நம்பிக்கை வரும்.

பிணை பற்றி: குறு, சிறு நிறுவனங்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அதற்கு மேல் சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாத அறக்கட்டளையின் உத்தரவாதத்தைக் கேளுங்கள். 2000-ல் மத்திய அரசும் சிட்பி என்ற சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை அது. 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு உத்தரவாதம் தருகிறது. ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. அந்த உத்தரவாதம் வங்கியைக் காப்பாற்றுகிறது, கடன்தாரரை அல்ல. கடன் வாராக்கடனாகி அறக்கட்டளை பணம் கொடுத்த பிறகும் பாக்கி உங்கள் பேரில்தான் நிற்கும்.

வரிக்கணக்கர்:
உத்யம் பதிவைப் பற்றி, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவைப் பற்றி, யாரும் சொல்லவில்லையே. எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுதான். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. பானும் ஜிஎஸ்டியும் இல்லாத மிகச் சிறிய தொழில்களுக்கு 2023-ல் வந்த உத்யம் அசிஸ்ட் வழி தனியாக இருக்கிறது.

2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன. குறு நிறுவனம் என்றால் இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை. சிறு நிறுவனம் 25 கோடி, 100 கோடி. நடுத்தரம் 125 கோடி, 500 கோடி. இரண்டில் ஒன்று தாண்டினாலும் அடுத்த வகைக்குப் போய்விடுவீர்கள். நிலமும் கட்டடமும் முதலீட்டில் சேராது. ஏற்றுமதி விற்பனை விற்றுமுதலில் சேராது.

அதிகம் தவறுவது தொழில் குறியீட்டில். 45, 46, 47 என்று தொடங்கும் குறியீடுகள் வணிகத்துக்கானவை. லேத் பட்டறை வைத்திருப்பவர் "உதிரிபாகம் விற்கிறேன்தானே" என்று 46-ஐத் தேர்வு செய்தால் சான்றிதழில் வணிகர் என்று விழும். வணிகருக்கு முன்னுரிமைக் கடன் மட்டும்தான். தாமதப் பணத்துக்கான சட்டப் பாதுகாப்பும் டெண்டர் சலுகையும் கிடைக்காது. சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். குறியீடு தவறாக இருந்தால் அதே தளத்தில் திருத்தலாம், இலவசம்தான்.

பட்டறைக்காரர்:
வங்கியர் ஐயா, கணக்கர் சார், இரண்டு பேர் சொன்னதும் தொழில் தொடங்கும் வரைக்கும் சரி. உண்மையான இடி அதற்குப் பிறகுதான். சிசி (கேஷ் கிரெடிட்) என்ற நடைமுறை மூலதனக் கடன் கணக்கில் டிராயிங் பவர், அதாவது அந்த மாதம் எடுக்கக்கூடிய தொகை, எப்படிக் குறைகிறது என்பதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களுக்கு இது கடைசியில்தான் புரிகிறது.

முதலில் லிமிட், அதாவது வங்கி அனுமதிக்கும் கடன் உச்சவரம்பு. 5 கோடி வரையிலான லிமிட்டுக்கு விற்றுமுதல் முறைதான். வருடம் 60 லட்சம் விற்பனை எதிர்பார்த்தால் நடைமுறை மூலதனத் தேவை அதில் 25 சதவீதம், அதாவது 15 லட்சம். வங்கி 20 சதவீதம், 12 லட்சம் தரும். மீதி 3 லட்சம் உங்கள் கைப்பணம். ஆனால் 12 லட்சம் லிமிட் என்பதற்காக 12 லட்சமும் எடுத்துவிட முடியாது. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும்.

சரக்கு 8 லட்சம், வர வேண்டிய பாக்கி 10 லட்சம், நாம் தர வேண்டியது 3 லட்சம் என்று வையுங்கள். மார்ஜின் (நம் பங்காக வங்கி கழிக்கும் அளவு) 25 சதவீதம் என்றால் 15 லட்சத்தில் முக்கால் பங்கு, 11.25 லட்சம் எடுக்கலாம். இப்போது அந்த 10 லட்சத்தில் 4 லட்சம் 90 நாளைத் தாண்டிய பாக்கி. வங்கி அதைக் கணக்கில் எடுக்காது. 11 லட்சத்தில் முக்கால் பங்கு, 8.25 லட்சம். பெரிய நிறுவனம் 4 லட்சத்தைத் தாமதம் செய்ததற்கு 3 லட்சம் வங்கிப் பணமும் சேர்ந்து போய்விடுகிறது. அந்த மாதம் சம்பளமும் மூலப்பொருளும் தவணையும் ஒரே வாரத்தில் வரும். மானியம் வாங்கிய யூனிட்கள் மூடுவது அநேகமாக இந்த வாரத்தில்தான். புதுத் தொழிலுக்கு மானியம் கொடுப்பதைவிட இருக்கிற தொழிலுக்கு 45 நாளில் பணம் வரவைப்பது பெரிய உதவி என்பது என் உறுதியான கருத்து.

சட்டப்பக்கம்:
45 நாள் என்பதற்குச் சட்டமே இருக்கிறது, அண்ணே. குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம் (எம்எஸ்எம்இடி) 2006, பிரிவு 15. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள நாள், ஆனால் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். பர்ச்சேஸ் ஆர்டரில் "90 நாள்" என்று அச்சடித்திருந்தாலும் செல்லாது. பொருளில் குறை என்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு. வங்கி வீதம் 6 சதவீதம் என்றால் 18. 5 லட்சம் ரூபாய் ஆறு மாதம் தாமதமானால் வட்டி சுமார் 46,700. அந்த வட்டியை வாங்குபவர் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது.

தராவிட்டால், இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்கு இணையம் வழியாக மனு போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் கவுன்சில்கள் உண்டு. முதலில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதற்கு மேல் இழுப்பது வழக்கம். இருந்தும் பிரிவு 19-ன் பலம் பெரியது: தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

மனு தோற்பது பெரும்பாலும் தாள் இல்லாததால். பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், ஈ-வே பில், வாங்கியவரின் முத்திரையும் தேதியும் உள்ள டெலிவரி சலான், பாக்கியை ஒப்புக்கொண்ட ஒரு மின்னஞ்சல், இவை ஐந்தும் வேண்டும். தேதியில்லாத முத்திரையால் 45 நாள் எப்போது தொடங்கியது என்றே நிரூபிக்க முடியாமல் போகும். இன்னொரு எச்சரிக்கை: பதிவுக்குப் பிறகு கொடுத்த சரக்குக்கே பாதுகாப்பு என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது. 2025-ல் வேறோர் அமர்வு அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. அந்தச் சண்டை நமக்கு எதற்கு? முதல் பில் போடும் முன்பே உத்யம் எடுத்து, எண்ணை இன்வாய்ஸில் அச்சிடுங்கள்.

வரிக்கணக்கர்:
மனுவுக்கு முன்னால் ஒரு மென்மையான வழி இருக்கிறது. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2023-ல் 43பி(எச்) என்று சேர்த்த விதி. குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியைக் கெடுவுக்குள் தராமல் மார்ச் 31-ஐத் தாண்டினால், அந்தக் கொள்முதல் அந்த வருடச் செலவாக ஏறாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் ஏறும். ஆகவே பிப்ரவரியிலேயே வாங்குபவரின் கணக்குப் பிரிவுக்கு உத்யம் சான்றிதழும் பாக்கிப் பட்டியலும் அனுப்புங்கள். மிரட்டல் வேண்டாம், பட்டியல் போதும். சில வாங்குபவர்கள் "உத்யம் பதிவை ரத்து செய்தால் ஆர்டர் தருகிறோம்" என்பார்கள். ரத்து செய்தால் பிரிவு 15 தரும் 45 நாள் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும்.

டெண்டர் வேலை:
சுருக்கமாக. மத்திய அரசு நிறுவனங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் எஸ்சி, எஸ்டி உரிமையாளர்களுக்கு 4, பெண்களுக்கு 3. முன்வைப்புத் தொகை விலக்கு உண்டு. மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்டிருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கச் சம்மதித்தால் ஒரு பங்கு ஆர்டர் கிடைக்கும். அதற்காக முதலிலேயே 15 சதவீதம் ஏற்றிக் கேட்பது தவறு. மற்றொரு சிறு நிறுவனமே குறைந்த விலையில் வந்துவிட்டால் இந்தச் சலுகைக்கு இடமில்லை. ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையதளத்தில் விலக்குக்கான பெட்டியைத் தேர்வு செய்து, உத்யம் சான்றிதழைப் பதிவேற்றியதை உறுதிசெய்யுங்கள். பலர் பெட்டியை மட்டும் தேர்வு செய்துவிட்டுக் கோப்பை மறந்துவிடுகிறார்கள்.

தொழில்மைய நண்பர்:
புதுத் தொழிலைவிட இருக்கிற தொழிலுக்கு உதவுவதே பெரிது என்று பட்டறைக்காரர் அண்ணன் சொன்ன கருத்துக்கு ஒரு கணக்கு. 2015-16 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 6.33 கோடி குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்; வேலை செய்வோர் சுமார் 11.10 கோடி. நிறுவனத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 49 லட்சம் நிறுவனங்கள். மொத்தத்தில் குறு நிறுவனங்கள் 99 சதவீதத்துக்கு மேல். சிறு நிறுவனங்கள் சில லட்சம், நடுத்தரம் சில ஆயிரம். புதிதாக இன்னும் பல ஆயிரம் இரண்டு பேர் யூனிட்களைத் தொடங்கிவைத்தாலும் இந்தப் படம் மாறாது. இரண்டு பேர் யூனிட் எட்டுப் பேராக வளர்ந்தால்தான் சம்பளமும் உற்பத்தியும் ஏறும். வளர்ச்சிக்கான உதவியைக் குறைவானவர்களே கேட்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம். பிஎம்இஜிபியில் முதல் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு உற்பத்தியில் 1 கோடி வரை இரண்டாம் கடன் உண்டு, 15 சதவீத மானியத்தோடு. முதல் தலைமுறை தொழில்முனைவோருக்குத் தமிழக அரசின் நீட்ஸ் இருக்கிறது: 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம், அதோடு 3 சதவீத வட்டிச் சலுகை. வளர்ந்தால் சலுகை போய்விடும் என்று விற்பனையைக் குறைத்துக் காட்டவும் வேண்டாம். மேல் வகைக்குப் போனாலும் வரி சாராத சலுகைகள் மூன்று வருடம் தொடரும் என்று 2022 அக்டோபரில் அறிவித்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற வங்கியர்:
பட்டறைக்காரர் சொன்ன தாமதப் பணச் சிக்கலுக்கு ஒரு பதில் பாக்கி. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் டிரெட்ஸ் என்ற இன்வாய்ஸ் தள்ளுபடித் தளத்தில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் உத்தரவு வந்தது. இன்வாய்ஸை வாங்குபவர் அங்கே ஏற்றுக்கொண்டால் வங்கிகள் ஏலம் கேட்டுத் தள்ளுபடி போகப் பணத்தை உங்கள் கணக்கில் போடும். வாங்குபவர் பிறகு தராவிட்டாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. சிக்கல் ஒன்றே: தளத்தில் சேர்ந்த நிறுவனம் இன்வாய்ஸை ஏற்காமல் வைத்திருக்கலாம். ஆகவே ஆர்டர் பேசும்போதே "சரக்கு சேர்ந்த ஏழு நாளில் டிரெட்ஸில் ஏற்பு" என்ற வரியைப் பர்ச்சேஸ் ஆர்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த இன்வாய்ஸ் ஏற்கெனவே உங்கள் சிசி கணக்கின் பாக்கிப் பட்டியலில் இருந்தால், டிரெட்ஸில் பணம் வந்த மாதமே அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் கடன் வாங்கியதாகத் தெரிந்தால் லிமிட்டையே முடக்கிவிடுவார்கள்.