கோடை முடியுற நேரத்துல கடலோர நடைபாதை: உங்க அனுபவம்?

உப்புக்காற்று:
பாதை பாறை முனையைச் சுத்தி மணலுக்கு இறங்கி மறுபடி மேல ஏறும்ல, அந்த இடம்தான். செப்டம்பர் கடைசி, பௌர்ணமி கழிஞ்ச ரெண்டாம் நாள். போறப்போ காஞ்சு கிடந்த மணல், ஒன்றரை மணி நேரத்துல முழங்கால் தண்ணி. முன்னாடி அலை எப்பவும்போலத்தான். முதுகுப் பக்கம், பாறையடிப் பள்ளம் வழியா சத்தமே இல்லாம புகுந்து நிரம்பியிருக்கு. ஜூலை முழுக்க அந்த மணல் நனைஞ்சதே கிடையாது. அதான் உறுத்துது.

கரைமேடு:
ஜூலையோட ஒப்பிட்டா எப்படி? செப்டம்பர் 22, 23 வாக்குல சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரா வருது. அதை ஒட்டின அமாவாசை, பௌர்ணமி கடல் ஏத்தம் வருஷத்துலயே பெரிய ஏத்தங்கள்ல சேர்த்தி. உச்சம் அன்னைக்கே வராது, ஒண்ணு ரெண்டு நாள் தள்ளித்தான். சீராவும் ஏறாது. ஆறு மணி நேர ஏத்தத்தை 12 பங்காக்குங்க: மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1. மொத்தம் 6 மீட்டர்னா முதல் மணி நேரத்துல அரை மீட்டர்தான். அதைப் பாத்து அசந்துடுறோம். நடு ரெண்டு மணி நேரத்துல 3 மீட்டர் ஏறிடும்.

உள்ளான்பித்து:
12 பங்குக் கணக்கு எல்லாக் கரைக்கும் செல்லாதுங்க. கழிமுகத்துல, நாளுக்கு ஒரே ஏத்தம் வர்ற கரையில கவுத்துடும். அந்த இடத்துக்கான ஏத்த-வத்த நேர அட்டவணைதான் பேசணும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கிற நாடுன்னா அட்டவணையில அதைச் சேர்த்திருக்கானான்னு பாருங்க, பாதிப் பேர் சறுக்குறது அங்கதான். காத்தழுத்தம் 1 மில்லிபார் இறங்கினா கடல் சுமார் 1 செ.மீ. உயரும், கரையைப் பாத்துக் காத்தும் அடிச்சா இன்னும் மேல.

கேக்கலைன்னாலும் சொல்றேன். தண்ணி இறங்கிட்டு இருக்கும்போதே முனையைத் தாண்டணும், வத்தின நேரத்துக்குள்ள திரும்பிடணும். தலைவிளக்கு கட்டாயம்: 50 டிகிரி வட அட்சரேகையில செப்டம்பர்ல பகல் வாரத்துக்கு 25 நிமிஷம் சுருங்குது. கோடையில வெடிப்பு விட்ட மண் மேட்டுச் சரிவுக்கு அடியில, முதல் பெருமழைக்கு அப்புறம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீங்க. கால் பிடிக்கிற நல்ல ஷூ போடுங்க.

ஒண்ணு மட்டும் மனசுல நிக்குது. ஏத்த நேரம், மிஞ்சின மணல் திட்டுல உள்ளான் பறவைக் கூட்டம் நெருக்கியடிச்சு ஒத்தக் கால்ல நிக்குது. ஒரு நாய் ஓடினதும் மொத்தமும் எழும்பி, இறங்க இடமில்லாம தண்ணிமேல சுத்திச் சுத்தி வந்துச்சு. வலசைக்குச் சேர்த்த கொழுப்பு அதுலயே கரையும். பறவைங்க தலை நிமிர்த்திப் பாக்க ஆரம்பிச்சா நீங்க அங்கேயே நின்னுடணும்.

கொட்டலசு:
ஷூவால ஒண்ணும் ஆகாது. கரும்பச்சைப் பாசியில எந்த ஷூ அடியும் வழுக்கும். வெள்ளையா, சொரசொரன்னு கொட்டலசு (பாறையில ஒட்டி வாழுற ஓட்டு உயிரி) ஒட்டின பாறையில கால் வைங்க. விழுந்தா மட்டும் தோலைக் கிழிச்சிடும். மரப் பலகைப் பாதை அதைவிட மோசம். நிழல்ல இருக்கிற பலகை மதியமானாலும் காயாது. நடுவுல மிதிக்காம ஆணி வரிசைமேல மிதிங்க, அடியில தாங்குற கட்டை அங்கதான் இருக்கும்.