காப்புரிமை ஆவணத்தில் (30)-க்கு என்ன பெயர்: முன்னுரிமையா, முந்துரிமையா?

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். பம்பு, கிரைண்டர் செய்யும் பட்டறைக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு வகுப்பு. காப்புரிமை ஆவணத்தின் முதல் பக்கத்தைப் படிக்கப் பழக்க வேண்டும். ஜப்பான் ஆவணமானாலும் அடைப்புக்குறி எண்ணைப் பார்த்தால் எது என்ன என்று தெரிந்துவிடும்: (22) தாக்கல் நாள், (54) தலைப்பு, (71) விண்ணப்பதாரர், (72) ஆக்கியவர். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் எஸ்டி.9 தரம் வகுத்த எண்கள் இவை.

(30)-இல்தான், ஆங்கிலத்தில் 'priority data' என்பதில், மாட்டிக்கொண்டேன். பழைய கையேட்டில் 'முன்னுரிமை விவரம்' என்று இருக்கிறது. போன வகுப்பில் ஒருவர், "முன்னுரிமை இருந்தா நம்ம மனுவைச் சீக்கிரம் எடுப்பாங்களா?" என்று கேட்டார். விரைவாகப் பரிசோதிக்கக் கேட்பதற்கு வேறு படிவம் இருக்கிறது, இது அதுவல்ல. ஒரு நாட்டில் முதலில் தாக்கல் செய்துவிட்டு, 12 மாதத்துக்குள் வேறு நாட்டிலோ, பல நாடுகளுக்கும் ஒரே விண்ணப்பமாகப் போடும் பி.சி.டி. ஒப்பந்த வழியிலோ போட்டால், புதுமை உண்டா என்பதை அந்த முதல் நாளை வைத்தே பார்ப்பார்கள். (31) அந்த முதல் விண்ணப்பத்தின் எண், (32) நாள், (33) நாடு. 18 மாதத்தில் வெளியீடு, பி.சி.டி. விண்ணப்பம் இந்தியாவுக்குள் நுழைய 31 மாதக் கெடு, எல்லாமே (32)-இலிருந்துதான் எண்ணப்படும். நாளைக்கு அச்சுக்குப் போகணும். சொல் கொடுங்கள்.

பொள்ளாச்சி, தமிழாசிரியர்:

அம்மணி, 'முந்துரிமை' என்று போடுங்கள். தொல்காப்பியப் பாயிரத்தில் 'முந்துநூல் கண்டு' என்று பனம்பாரனார் சொல்லவில்லையா? காலத்தால் முந்தியது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே நிற்கிறது. காப்புரிமை அலுவலகச் சோதகர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேடும் பழைய ஆதாரங்களுக்கும் 'முந்துநூல்' என்றே வைத்துவிடலாம். முந்து, முந்தை எல்லாம் ஒரே வேர். விரிவாக எழுதுகிறேன்.

ஈரோடு:

ஐயா, விரிவாக வேண்டாம், வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். 'முந்துநூல்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, இந்தியாவின் அறிவியல் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து 1997-இல் ரத்து செய்ய வைத்ததும் பழைய ஏடுகளையும் கட்டுரைகளையும் காட்டித்தான். ஆனால் எதிரே பட்டறையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டரும் புதுமையைக் கெடுக்குமே, அதையும் நூல் என்பீர்களா?

திருப்பூர்:

முந்துரிமை வினைத்தொகை. முந்திய உரிமை, முந்துகிற உரிமை, முந்தும் உரிமை எப்படியும் விரியும். முந்திக்கொண்டு போகலாம் என்று பட்டறைக்காரர் நினைத்தால் பழைய குழப்பம்தானே? 'முதல் தாக்கல் விவரம்' என்று பச்சையாகப் போடுங்கள். பஸ் போர்டு மாதிரி, படித்தவுடன் புரியணும்.

கோவை:

போட்டுப் பார்த்தேன். ஒரே விண்ணப்பம் இரண்டு மூன்று முந்தைய விண்ணப்பங்களைக் காட்டி உரிமை கேட்கலாம். அத்தனையும் (30)-இன்கீழ் வரிசையாக நிற்கும். 'முதல்' என்றால் எது என்று கேட்பார்கள். (22)-உம் தாக்கல் நாள்தான், அது வேறு.

கோபிசெட்டிபாளையம்:

முன்னுரிமையை ஏனுங்க தூக்கறீங்க? பவானியில் தண்ணீர் குறைந்தால் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் வாய்க்கால்களின் பழைய ஆயக்கட்டுக்குத்தான் முதலில் என்பது எங்கள் வழக்கு. வாய்க்கால் முந்தி வெட்டியதால் வந்த உரிமை, பின்னால் வந்த கீழ்பவானி வாய்க்கால் அப்புறம். இதை முன்னுரிமை என்றுதான் பேசுகிறோம். காலக்கணக்கு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. முன்னுரிமைக் கடன் என்று சொல்லி அதைக் கெடுத்தது பேங்க்காரர்கள்.

ஈரோடு:

உங்கள் ஊரில் சரிங்க. பீளமேட்டில் பம்பு செய்கிறவருக்கு ஆயக்கட்டைச் சொல்லிவிட்டா (30)-ஐச் சொல்வது?

கோவை:

சரி, இப்போதைக்கு முந்துரிமை என்றே போகிறது. என்னையும் சேர்த்து நான்கு பேர் ஒத்துக்கொண்டோம், திருப்பூர் அரை மனதாக. கீழே 'விரைவுப் பரிசோதனை அல்ல' என்று ஒரு வரி சேர்க்கிறேன். முந்துநூலை இந்தக் கையேட்டில் சேர்க்கவில்லை, ஐயா மன்னிக்கணும்.

கோபிசெட்டிபாளையம்:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அப்புறம், (72)-இல் 'ஆக்கியவர்' என்றால் எங்களூரில் சோறாக்கியவர். கண்டுபிடிப்பாளர் என்றே விடுங்கள்.

பொள்ளாச்சி, தமிழாசிரியர்:

கண்டுபிடிப்பு என்றால் ஏற்கெனவே இருப்பதைக் காண்பதும் அதில் அடங்கும். இயற்கையில் இருப்பதை வெறுமனே கண்டதற்கு நம் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு காப்புரிமை தராது. 'புனைவர்' என்று போடலாமே? 'புனை' என்ற வேரைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.