பாரிஸ்ல 60 நாள் நிண்ட அம்மா திரும்ப சுவிசுக்குப் போகலாமோ? 90 நாள் கணக்கு விளங்கேல்ல

ஸ்காபரோ பொடியன்:
வணக்கம் எல்லாருக்கும். அம்மாவுக்கு கனேடியன் பாஸ்போட். அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததெண்டு மார்ச் 10 பாரிசுக்குப் போனவ, பத்தியம் சமைச்சு பிள்ளையக் குளிக்க வாத்து மே 8 மட்டும் நிண்டிட்டு அண்டைக்கே யூரோஸ்டார்ல லண்டன் மாமா வீட்ட போட்டா. இப்பவும் அங்கதான் நிக்கிறா. ஆகஸ்ட் 22 பெர்ன்ல சித்தின்ர மகளுக்குக் கலியாணம், பலகாரம் சுட ஆள் இல்லை ஜூலை 20க்கே வாங்கோ அக்கா எண்டு சித்தி ஒற்றைக்கால்ல நிக்கிறா. அது முடிய பாரிஸ் பிள்ளையார் கோயில் தேரும் பாக்கோணுமாம், 31ஆம் திகதி பாரிஸ்ல இருந்து டொரண்டோவுக்கு பிளைட். விசா இல்லாமல் 3 மாசம் நிக்கலாமெண்டுதானே சொல்லினம், லண்டனுக்குப் போட்டு வந்தா திரும்ப முதல்ல இருந்து தொடங்குமோ? சுவிஸ் ஈயூவில (ஐரோப்பிய ஒன்றியத்தில) இல்லைத்தானே, அப்ப அது தனிக்கணக்கோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, டிக்கெட் போடோணும்.

லாச்சப்பல் வாசி:
ஓம் தம்பி, வெளிய போட்டு வந்தாச் சரி. எங்கட ஆக்கள் எத்தினை பேர் அப்பிடித்தான் வந்து போகினம். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ.

பெர்ன் அக்கா:
லாச்சப்பல் அண்ணை, கோவிக்காதேங்கோ, அது பிழை. லண்டனுக்குப் போனா நாள் ஓடாது, அவ்வளவுதான், ஓடின நாள் அழியாது. தம்பி, சுவிஸ் ஈயூவில இல்லாட்டியும் 2008ல இருந்து ஷெங்கனுக்குள்ளதான், அதாவது தங்களுக்குள்ள எல்லைச் சோதனை இல்லாத நாடுகளின்ர கூட்டு. ஈயூவில இல்லாத நோர்வேயும் அதுக்குள்ளதான். பாரிஸ், பெர்ன், ஒஸ்லோ எல்லாம் ஒரே உண்டியல். லண்டனும் டப்ளினும்தான் வெளிய.

கணக்கு இதுதான். அம்மா இங்க நிக்கிற ஒவ்வொரு நாளும் அண்டையில் இருந்து பின்னுக்கு 180 நாள் எண்ணிப்பாக்கோணும், அதுக்குள்ள ஷெங்கன்ல நிண்ட நாள் எல்லாம் கூட்டி 90ஐத் தாண்டக்கூடாது. வந்த நாளும் போன நாளும் முழு நாள். மார்ச்சில 22, ஏப்ரல்ல 30, மேயில 8, ஆக 60 முடிஞ்சுது. மிச்சம் 30. ஜூலை 20 வந்தா ஆகஸ்ட் 18ஓட 90 சரி, கலியாணத்துக்கு 4 நாள் முதல் அம்மா வெளிக்கிடோணும்! பழைய நாள் கழிஞ்சு போகுமெண்டு பாத்தா மார்ச் 10 கணக்கில இருந்து விழுறதே செப்டம்பர் 6 தான். ஆகஸ்ட் 2க்கு வந்தா 31ஓட மட்டுமட்டா 90 வரும். நானெண்டா மட்டுமட்டா விடமாட்டன், பிளைட் ஒரு நாள் பிந்தினா என்ன செய்யிறது?

முந்தியெண்டா சீல் குத்தின பக்கத்தைத் தேடிப் பிரட்டி எண்ணுவினம், சிலபேர் எண்ணவே மாட்டினம். 2025 அக்டோபர் 12ல இருந்து கைவிரல் அடையாளமும் முகப்படமும் எடுத்து கொம்பியூட்டரில பதியிற முறை தொடங்கீட்டுது, அது தானே கூட்டிச் சொல்லும். ஐரோப்பிய ஆணைக்குழுவின்ர சைட்ல ஒரு கல்குலேட்டரும் இருக்கு, போட்டுப்பாருங்கோ.

கோவை டூ பெர்லின்:
அக்கா சொன்னது கரெக்ட். நம்ம இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும், ஆனா கணக்கு இதேதான். எங்கப்பாவுக்கு ஒரு வருஷ மல்டிபிள் என்ட்ரி விசா (பல தடவ வந்து போறது) கிடைச்சுது, ஸ்டிக்கர்ல ரெண்டு தேதிய பாத்துட்டு வருஷம் பூரா இருக்கலாம்போலனு நெனச்சுட்டாரு, அதுலயே தனியா 90 நாள்னு போட்டிருந்தத கவனிக்கல. சரி 3 மாசம்தானேனு நானும் ஜூன் 1 வரவச்சு ஆகஸ்ட் 31 ரிட்டர்ன் போட்டேன். ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, கூட்டுங்க... 92. திரும்பிப் போறப்ப ஏர்போர்ட்ல ஆபீசர் விரல விட்டு எண்ணி, தனியா ஒரு ரூம்ல உக்கார வெச்சு, ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டுத்தான் விட்டாங்க. பிளைட் கிளம்ப 20 நிமிஷம் இருக்கு, அப்பா கையில ஊருக்கு வாங்கின சாக்லேட் பையோட வேர்த்து ஊத்தி நின்னாரு. அபராதம் போடலாம், திரும்ப வரவே முடியாம தடையும் போடலாம்னு சொன்னாங்களாம். அதனால மாசத்துல எண்ணாதீங்க ப்ரோ, நாள்ல எண்ணுங்க.

லாச்சப்பல் வாசி:
சரி சரி, நான் சொன்னது பழைய காலத்துக் கதை. தம்பி, அக்கா சொன்னபடி செய்யும். தேருக்கு வந்தா அம்மாவக் கோயிலடியில காணுவம்.

ஸ்காபரோ பொடியன்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. கல்குலேட்டர்லயும் போட்டுப்பாத்தன், அக்கா சொன்னது அப்பிடியே வந்துது. லண்டனில பிரச்சினை இல்லை, கனேடியன் ஆக்களுக்கு அங்க 6 மாசம், ஈடிஏயும் (விசா தேவையில்லாத ஆக்கள் அங்க போக முதல் ஒன்லைன்ல எடுக்கிற அனுமதி) முதலே எடுத்தது. ஆகஸ்ட் 4க்கு சூரிச் டிக்கெட் போட்டிட்டன், மொத்தம் 88 வருது, 2 நாள் கையில. பலகாரத்துக்கு என்ன செய்யிறதெண்டு சித்திக்கு இன்னும் சொல்லேல்ல, அதை அம்மாவே போன் எடுத்துச் சொல்லட்டும்.