ஐஸ் விட்ட வஞ்சிரத்தை மறுபடியும் ஃப்ரீசரில் வைக்கலாமா?

பெரம்பூர் வாசகி:
"ஒருமுறை ஐஸ் விட்ட மீனை மறுபடியும் உறைய வைத்தால் அது விஷம், குப்பையில்தான் கொட்ட வேண்டும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு என் மருமகள், இரவு முழுவதும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருந்த, நடுத்துண்டு இன்னும் கல்லாகவே இருந்த ஒரு கிலோ வஞ்சிரத்தைத் தூக்கி எறியப் போனாள். ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஐஸ் விட்ட உணவைச் சமைக்காமலே மீண்டும் உறைய வைக்கலாம் என்று அமெரிக்க வேளாண் துறை தெளிவாகச் சொல்கிறது. நீர் இறங்கிச் சதை தளரும், ருசி குறையும், அவ்வளவுதான். எழுதியவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும்.

குரோம்பேட்டை சமையல்காரன்:
எழுதியவன் நான்தான், அம்மா. திரும்பப் பெற மாட்டேன். பச்சை மீனையும் கறியையும் அப்படியே மறுபடி உறைய வைக்காதீர்கள், சமைத்த பிறகு வையுங்கள் என்றுதான் பிரிட்டனின் உணவுத் தர முகமை சொல்கிறது. நம் வீடுகளில் யார் கீழ்த்தட்டில் வைத்து ஐஸ் விடுகிறார்கள்? காலையில் எடுத்து சிங்க்கில் போட்டுவிட்டு, மதியம் வரை மறந்துவிடுகிறார்கள்.

பெரம்பூர் வாசகி:
நான் சிங்க்கைப் பற்றிப் பேசவே இல்லை, கீழ்த்தட்டைப் பற்றித்தான் பேசினேன். உறைய வைப்பதால் பெரும்பாலான கிருமிகள் சாவதில்லை, தூங்குகின்றன. 4 டிகிரிக்கு மேல் போனால் விழித்துப் பெருகுகின்றன. ஆகவே கேட்க வேண்டியது எத்தனை முறை உறைந்தது என்பதை அல்ல, எவ்வளவு நேரம் வெளிச்சூட்டில் கிடந்தது என்பதைத்தான். 32 டிகிரிக்கு மேல் 1 மணி நேரம் கிடந்தாலே மறுபடி உறைய வைக்கக் கூடாது. சென்னைக்கு அந்தக் கணக்குதான்.

வேளச்சேரி:
2 மணி நேரம் என்பதே பொது விதி. மார்கழியில் சென்னை 32 டிகிரியைத் தொடுவதே அரிது.

பெரம்பூர் வாசகி:
வெளியே மார்கழியாக இருக்கலாம், தம்பி. இரண்டு அடுப்பு எரிகிற சமையலறைக்குள் எது மார்கழி? 1 மணி நேரம்தான்.

வேளச்சேரி:
விதியில் 2 என்றிருப்பதை நீங்கள் 1 ஆக்குகிறீர்கள். போன மாதம் இட்லி மாவு விவாதத்திலும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள்.

பெரம்பூர் வாசகி:
இட்லி மாவில் நான் சொன்னதே சரி, இன்றும் அதையே சொல்வேன். விதியை முழுதாகப் படியுங்கள்: சாதாரண வெப்பத்துக்கு 2, 32-ஐத் தாண்டினால் 1. வர்தா புயல் அடித்த 2016 டிசம்பரில் எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். இரண்டாம் நாள் மாலை ஒரே ஒருமுறை திறந்து, ஐஸ் பொடி இன்னும் மினுங்கிய பொட்டலங்களை மட்டும் எடுத்து, மின்சாரம் இருந்த என் தங்கை வீட்டு ஃப்ரீசருக்கு அனுப்பினேன். கையில் மெத்தென்று பட்ட மற்றவற்றை எறிந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

குரோம்பேட்டை சமையல்காரன்:
உங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை என்பது சான்றாகாது. வஞ்சிரம், சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி போன்ற உபாதை தரும் நச்சு சேரும். உறைய வைத்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது. காசிமேட்டில் வாங்கும்போதே அது எத்தனை மணி நேரம் வெயில் பார்த்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

பெரம்பூர் வாசகி:
காசிமேட்டில் முப்பது ஆண்டுகளாகச் செவுளைத் திறந்து பார்த்து வாங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஹிஸ்டமின் சூட்டின் குற்றம், ஃப்ரீசரின் குற்றம் இல்லை. நீங்களே என் பக்கம் பேசிவிட்டீர்கள். விஷம் என்ற சொல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

குரோம்பேட்டை சமையல்காரன்:
இருக்கும்.

வேளச்சேரி:
2 மணி நேரம்.

பெரம்பூர் வாசகி:
1 மணி நேரம். அந்த வஞ்சிரம் தேதி எழுதிய டப்பாவில் என் ஃப்ரீசரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கப் போகிறேன்.