வைஸ் சிட்டி பிரவுசரில் ஆடும்போது டேப் தானாக மூடிக்கொள்கிறது, என்ன காரணம்?

பழைய_கேமர்:
ஜிடிஏ வைஸ் சிட்டியை இன்ஸ்டால் எதுவும் செய்யாமல் குரோமிலேயே ஆடலாம் என்று கேள்விப்பட்டுத் தேடினேன். ஏகப்பட்ட தளங்கள் வருகின்றன, பாதித் தளங்கள் முதலில் ஏதோ எக்ஸ்டென்ஷனைப் போடச் சொல்கின்றன, அதையெல்லாம் தொடவில்லை. ஒன்றில் மட்டும் நிஜமாகவே கேம் வந்தது. ஆனால் படம் விட்டு விட்டு நகர்கிறது, அதைவிடக் கொடுமை, கேமின் ஹீரோ டாமி ஓடிக்கொண்டே சுட ஆரம்பித்தால் டேப் மொத்தமாக மூடிவிடுகிறது. கிராஷ் மெசேஜ் கூட இல்லை. லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, அதனாலா?

தூக்கமில்லாதவன்:
கன்ட்ரோல் கீயை அழுத்தித்தானே சுடுகிறீர்கள்? பிசி வைஸ் சிட்டியில் சுடுவதற்கு இடது கன்ட்ரோலும் வேலை செய்யும், முன்னால் ஓட டபிள்யூ. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரவுசருக்கு அது "டேபை மூடு" என்ற கட்டளை :) கேம் மேல் தப்பே இல்லை. மவுஸ் இடது பட்டனில் சுடுங்கள், தீர்ந்தது. ஃபுல் ஸ்கிரீனில் சில தளங்கள் கீபோர்டைத் தங்கள் வசம் பிடித்து வைத்துக்கொள்ளும், அப்போது டேப் மூடாது; குரோமில் அது நடக்கும், எல்லா பிரவுசரிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஷேடர்_சித்தப்பா:
கிராபிக்ஸ் கார்டு காரணமாக இருக்காது. 2003இல் வந்த பிசி பதிப்பு 128 எம்பி ராமிலும் 32 எம்பி வீடியோ கார்டிலும் ஓடியது, இன்றைய லேப்டாப்பின் உள்ளேயே இருக்கிற சிப் தாராளமாகப் போதும். அட்ரஸ் பாரில் குரோம்://ஜிபியு என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், வெப்ஜிஎல் (பிரவுசரில் 3டி படம் வரையும் வசதி) வரிசையில் "சாஃப்ட்வேர் ஒன்லி" என்று இருந்தால் எல்லாப் படத்தையும் பிராசஸர்தான் வரைந்து திணறுகிறது என்று அர்த்தம். செட்டிங்ஸில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை ஆன் செய்து, பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். இது எங்கோ சர்வரில் ஓடி வீடியோவாக வருவதில்லை, கேமின் சி++ கோடையே வெப்அசெம்ப்ளியாக, அதாவது பிரவுசர் வேகமாக ஓட்டக்கூடிய வடிவமாக மாற்றி உங்கள் மெஷினில் ஓட்டுகிறார்கள். சத்தம் வரவில்லை என்றால் பக்கத்தில் ஒரு கிளிக் கொடுங்கள், அதுவரை ஆடியோவைப் பிரவுசர் தடுத்து வைத்திருக்கும்.

மூன்றாம்_கியர்:
எல்லாம் சரி, அந்த சி++ கோட் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடலாமே. ரசிகர்கள் கேமைப் பிரித்து ஆராய்ந்து திரும்ப எழுதியது அது. 2021 பிப்ரவரியில் கேமின் உரிமை வைத்திருக்கும் டேக்-டூ நிறுவனம் புகார் கொடுத்து, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து அதை எடுக்க வைத்தது, அதே வருடம் செப்டம்பரில் வழக்கும் போட்டது. அதனால் இந்த மாதிரித் தளம் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. கேமை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் உங்கள் ஃபைல்களைக் கொடுத்து ஆடச் சொல்லும் தளம் ஓரளவு நாகரிகம், மொத்த கேமையும் இலவசமாக நீட்டுகிறவனை நான் நம்ப மாட்டேன். பிரவுசரில் ஆட டாட் இஎக்ஸ்இ ஃபைலை டவுன்லோட் செய்யச் சொன்னால் யோசிக்கவே வேண்டாம், ஓடிவிடுங்கள்.

பழைய_கேமர்:
அட, கன்ட்ரோல்தான்! மவுஸுக்கு மாறினேன், இப்போது மூடவில்லை. ஆக்சிலரேஷனும் ஆஃபில்தான் இருந்தது, ஆன் செய்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரே சந்தேகம், ஓஷன் வியூ ஹோட்டலில் அந்தக் கேசட்டைத் தொட்டு சேவ் செய்தால் அது எங்கே போய் உட்காருகிறது?

ஷேடர்_சித்தப்பா:
பெரும்பாலும் பிரவுசருக்குள்ளேயே, அந்தத் தளத்தின் பெயரில் இருக்கும் சேமிப்பில். ஹிஸ்டரியை அழிக்கும்போது "குக்கீஸ், தளத் தரவு" என்பதையும் டிக் செய்தால் சேவும் போய்விடும், இன்காக்னிட்டோவில் ஆடினால் ஜன்னலை மூடியதுமே காலி. சேவ் ஃபைலை இறக்கிக்கொள்ளும் வசதி தளத்தில் இருந்தால் நாலு மிஷனுக்கு ஒரு தடவை இறக்கி வையுங்கள். அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷனை இரண்டாவது தடவை முடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.