வடசென்னையில் வீடு விற்க எந்த மாதம் தோது?

கொளத்தூர்வாசி:
"தை பிறக்கட்டும், அப்புறம் விலை சொல்லலாம்" என்று புரோக்கரில் தொடங்கி மாமனார் வரை எல்லாரும் சொன்னார்கள். மார்கழியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட நேரத்திலேயே நான் வீடு பார்க்க ஆட்களை வரச் சொன்னேன். எங்கள் தெரு கொஞ்சம் மேடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதுகூட வீட்டுப் படியைத் தண்ணீர் தாண்டவில்லை. ஆனால் இதை வெயில் காலத்தில் சொன்னால் யார் நம்புவார்கள்? "இங்கே தண்ணி நிக்காதுங்க" என்று சொல்லாத ஆள் வடசென்னையிலேயே கிடையாது.

வியாசர்பாடியிலிருந்து ஒரு கணவன் மனைவி கொட்டுகிற மழையில் வந்தார்கள். அவர் ஹாலையும் பார்க்கவில்லை, மாடுலர் கிச்சனையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரின் அடிப்பக்கம் குனிந்து ஈரக்கோடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். வெளியே போய் இஸ்திரிக்காரரிடம் ஏதோ விசாரித்தார். அந்த அம்மா மட்டும் பூஜை அறை எந்தத் திசை என்று கேட்டார். கார்த்திகையில் அட்வான்ஸ், தையில் பத்திரம். நடுவில் வந்த மார்கழி பேங்க் லோன் வேலையிலேயே ஓடிவிட்டது. விலையில் பெரிய பேரமும் இல்லை.

தண்ணீர் நிற்கிற தெருவாக இருந்தால் இந்த யோசனை சரிப்படாது, சொல்லிவிட்டேன்.

தண்டையார்பேட்டை பிளாட்:
நான் மெட்ரோவுக்காகக் காத்திருந்தவன். 2021 பிப்ரவரியில் எங்கள் பகுதி வழியாக விம்கோ நகர் வரை ரயில் ஓட ஆரம்பித்ததும் விலை எகிறும் என்று நினைப்பு. தூண் எழும்பியபோதே அக்கம்பக்கத்தில் விலை ஏறிவிட்டதால், ரயில் வந்த பிறகு புதிதாக ஒன்றும் கூடவில்லை. கடைசியில் விற்றது சித்திரையில். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடிவந்துவிட வேண்டும் என்று வாங்கினவருக்கு அவசரம். கோடையில் விற்றால் இன்னொரு கேள்விக்கும் தயாராக இருங்கள்: போர்வெல் தண்ணீர் உப்பா, மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) எத்தனை மணிக்கு வரும்? வந்தவர் குழாயைத் திறந்து வாயில் ஊற்றியே பார்த்தார்!

ராயபுரம்:
ஆடியை எல்லாரும் ஒதுக்குகிறீர்கள். பேச்சுவார்த்தைக்கு அது நல்ல மாதம். வருகிறவர் குறைவு, ஆனால் சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர் இல்லை. துணிக்கடை மாதிரி வீட்டுக்கும் தள்ளுபடி கேட்பார்கள், அதற்கு மட்டும் மசியக் கூடாது. ஆடியில் பேசி முடித்தால் லோன் கைக்கு வர ஆவணி ஆகிவிடும், முகூர்த்த நாளும் கிடைக்கும். பதிவுத்துறை அந்த மாதிரி நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. ஆடிப்பெருக்கு அன்றைக்கே பத்திரம் முடிக்கிறவர்களும் உண்டு. ஒன்று, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை வீடு காட்டாதீர்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் விலையைச் சொன்னாலும் காதில் விழாது.

கொடுங்கையூர்:
மாதத்தை விடுங்கள். என் அக்கா வீட்டுக்குத் தையில் நல்ல பார்ட்டி வந்தது. பட்டா இன்னும் தாத்தா பேரில். வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றுவதற்குள் பங்குனி வந்துவிட்டது, அந்தப் பார்ட்டி மாதவரத்தில் வேறு வீடு முடித்துவிட்டார். வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான கடன், விற்பனை விவரம்), தாய்ப்பத்திரம் (முந்தைய பத்திரம்), சொத்து வரி ரசீது இவற்றை ஆடியிலேயே எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் எந்த மாதம் என்று யோசியுங்கள்.